கிராக்கோவ் யூதப் பண்பாட்டு விழா: திட்டமிடுவது முதல் கடைசிக் கச்சேரி வரை

போலந்தின் கிராக்கோவ் நகரில் காஜிமியெஷ் என்றொரு பழைய பேட்டை இருக்கிறது. 1335-இல் அரசர் மூன்றாம் காசிமிர் தனி ஊராக நிறுவியது. 1495-இல் கிராக்கோவிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் இங்கே குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் நகரத்தில் ஏறக்குறைய 65,000 யூதர்கள், அதாவது நாலில் ஒருவர். போருக்குப் பின் மிகச் சிறிய ஒரு சமூகமே எஞ்சியது. அந்தப் பேட்டையில்தான் யூதப் பண்பாட்டு விழா நடக்கிறது. யானுஷ் மாகூஹ், கிஷிஷ்டாஃப் கெராட் என்ற இருவர் 1988-இல் தொடங்கினார்கள். இருவருமே யூதர் அல்லர். அப்போது போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி. சிறிய அளவில் தொடங்கிய அது இன்று கச்சேரி, சொற்பொழிவு, பட்டறை, கண்காட்சி, திரையிடல், தெரு நடை எல்லாம் சேர்ந்த கோடை விழாவாகி, ஜூன் கடைசியையும் ஜூலை தொடக்கத்தையும் ஒட்டி நடக்கிறது.

சினிமா மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் இந்த விழா உங்களை ஏமாற்றிவிடும். இங்கே படங்கள் ஒரு பகுதி மட்டுமே, இசைக்குத்தான் முதலிடம். படத்துக்காகவே பயணம் போவோர் 1980-இல் தொடங்கிய, இவ்வகையில் உலகின் மூத்ததான சான் பிரான்சிஸ்கோ யூதத் திரைப்பட விழாவையோ, வார்சாவில் நடக்கும் யூதத் திரைப்பட விழாவையோ பார்க்கலாம். இசையும் தெருவும் சாப்பாடும் சேர்ந்து வேண்டும் என்றால் கிராக்கோவ்.

முதல் வேலை: சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

பெரும்பாலானோர் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாளைப் பிடித்துக்கொண்டு, பிறகு நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பார்கள். இங்கே அது தலைகீழாக நடக்க வேண்டும். யூத ஓய்வுநாளான சபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இருட்டிய பிறகு முடிகிறது. ஜூன் கடைசியில் கிராக்கோவில் சூரியன் மறைவது இரவு ஒன்பதுக்குச் சில நிமிடங்களுக்கு முன். சபாத்தைத் தொடங்கிவைக்கும் விளக்கை ஏற்றுவது அதற்கு 18 நிமிடம் முன்னதாக. மறுநாள் சபாத் முடிய இரவு பத்து மணியை ஒட்டி ஆகிவிடும்.

இதனால் என்ன ஆகும் என்றால், வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே ரெமு சினகாக் (சினகாக் என்பது யூதத் தொழுகைக்கூடம்) பார்வையாளர்களுக்கு மூடிவிடும். சனிக்கிழமை முழுவதும் திறக்காது, பக்கத்துக் கல்லறைத் தோட்டமும் அப்படியே. வெள்ளி இரவு வந்திறங்கி, சனி முழுக்கச் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை கிளம்புவது ஐரோப்பாவில் வழக்கமான வார இறுதிப் பயணம். இந்தப் பேட்டையைப் பார்க்க அதைவிட மோசமான திட்டம் கிடையாது. புதன் அல்லது வியாழன் வந்து திங்கள் கிளம்புங்கள். நான்கு முழு நாள் போதும். விழா முழுவதும் இருக்கிறேன் என்று கிளம்புபவர்கள் ஆறாவது நாள் கச்சேரியில் தூங்கிவிடுவதே வழக்கம்.

சனிக்கிழமை பகலில் செய்யக்கூடியவை இரண்டு. டய்வூர் தெரு 18-இல் உள்ள கலீசியா யூத அருங்காட்சியகம் திறந்திருக்கும். புகைப்படக் கலைஞர் கிறிஸ் ஷ்வார்ட்ஸ் 2004-இல் நிறுவியது அது. ஷெரோகா தெருவின் தென்கோடியில் இருக்கும் பழைய சினகாக் இப்போது நகர அருங்காட்சியகத்தின் கிளை, அதனால் ஓய்வுநாள் விதி அதற்குப் பொருந்தாது. போலந்தில் எஞ்சியிருக்கும் சினகாக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

விசா, காசு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்பது காகிதத்தில் மட்டும். பரிசீலனை 45 நாள் வரை இழுக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஜூன் பயணம் நம் ஊர்க் கோடை விடுமுறைக் கூட்டத்தோடு மோதுவதால் மார்ச்சிலேயே நேரம் பதிவுசெய்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அழைப்புக் கடிதம் எதுவும் தேவையில்லை, சுற்றுலா விசாவே போதும்.

போலந்தின் பணம் ஸ்லோட்டி, யூரோ அல்ல. ஏடிஎம்மில் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கழித்துக்கொள்ளவா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று சொல்லி ஸ்லோட்டியையே தேர்ந்தெடுங்கள். சரி என்று அழுத்தினால், அந்த இயந்திரம் வைத்திருப்பவர் சொல்லும் விலைதான் மாற்று விகிதம்.

நிகழ்ச்சி நிரலைப் படிக்கும் முறை

நிரல் போலிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வரும். ஆனால் நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் தாளும் கடைசி நேர மாற்ற அறிவிப்பும் பல நேரம் போலிய மொழியில் மட்டுமே இருக்கும். ஐந்தாறு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். 'பிலெட்' என்றால் டிக்கெட். 'கார்நெட்' பல நிகழ்ச்சிகளுக்கான ஒரே சீட்டு. 'வ்ஸ்டெம்ப் வோல்னி' இலவச அனுமதி. 'வெய்ஷ்சியூஃப்கா' என்பது அனுமதிச் சீட்டு. 'ஸபிஸி' இருந்தால் முன்பதிவு கட்டாயம். 'விப்ஷெடானே' இருந்தால் டிக்கெட் தீர்ந்துவிட்டது.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். 'இலவசம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, நேரத்துக்குப் போனால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். இடம் எண்ணிக்கையில் அடங்கும் அரங்கம் என்றால் இலவச நிகழ்ச்சிக்கும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். அது காசு கொடுக்கும் டிக்கெட்டை விட வேகமாகத் தீரும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: நிரல் வந்ததும் முதலில் பட்டறைகளுக்குப் பதிவுசெய்யுங்கள். இடம் மிகக் குறைவு என்பதால் அவைதான் முதலில் நிரம்பும். அடுத்து சினகாக் கச்சேரிகள். சொற்பொழிவுகளைக் கடைசிக்கு விடலாம். அவற்றில் என்ன மொழி, மொழிபெயர்ப்பு உண்டா என்று பார்த்த பிறகே நேரம் ஒதுக்குங்கள். தெரு நடைகளுக்கும் மொழி குறித்திருப்பார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி, மிஞ்சினால் மூன்று. அரங்குகள் ஒன்றுக்கொன்று ஐந்து பத்து நிமிட நடைதான் என்பதால் அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளத் தோன்றும். ஆனால் கச்சேரிகள் சொன்ன நேரத்தில் முடிவதில்லை. அடுத்த அரங்கின் வரிசையோ அரை மணி முன்னதாகவே நீண்டுவிடும்.

தங்குமிடமும் போக்குவரத்தும்

பாலிட்ஸெ விமான நிலையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து காஜிமியெஷ் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். பெட்டி இருந்தால் ஸ்டாரோவிஷ்ல்னா தெரு வழியாகப் போகும் டிராமில் ஏறி மியோடோவா நிறுத்தத்தில் இறங்குங்கள். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. காகிதச் சீட்டு என்றால் ஏறியவுடன் உள்ளே இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டும் சீட்டில்லாப் பயணமும் பரிசோதகருக்கு ஒன்றுதான், அபராதம் உண்டு.

ஷெரோகா தெருவிலும் பிளாட்ஸ் நோவி சதுக்கத்தைச் சுற்றியும் இருக்கும் அறைகள் நிகழ்ச்சிக்கு அருகில், தூக்கத்துக்குத் தூரம். கோடை இரவுகளில் அங்கே கூச்சல் அடங்க வெகு நேரமாகும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் ஸ்டாரோவிஷ்ல்னாவுக்குக் கிழக்கேயோ, ஆற்றுக்கு அப்பால் பொட்கூஷெ பக்கமோ எடுப்பது நல்லது. நடந்தால் பதினைந்து நிமிடம்.

டெம்பல் சினகாக்கில் ஒரு கச்சேரி

விழாவின் முக்கியக் கச்சேரிகள் காலங்காலமாக மியோடோவா தெரு 24-இல் உள்ள டெம்பல் சினகாக்கில் நடந்துவந்திருக்கின்றன. 1860-62-இல் சீர்திருத்தப் பிரிவினர் கட்டியது. உட்புறம் முழுக்கப் பொன்னிற அலங்காரம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், இருபுறமும் தூண்கள் தாங்கும் மேல்மாடம். போர்க்காலத்தில் ஜெர்மானியர் இதைக் கிடங்காகப் பயன்படுத்தியதால்தான் இடிபடாமல் தப்பியது.

கதவு திறப்பதற்கு முன் பையைச் சோதிப்பார்கள். பெரிய முதுகுப்பை இருந்தால் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடவுச்சீட்டின் நகலையாவது கையில் வையுங்கள். இருக்கை எண் இல்லாத நிகழ்ச்சி என்றால் 40 நிமிடம் முன்னதாக நிற்பது நல்லது. கீழ்த்தளத்தில் நடு வரிசைகளே சிறந்தவை. ஓரத்தில் உட்கார்ந்தால் தூண் மறைக்கும். மேல்மாடத்திலிருந்து அலங்காரம் நன்றாகத் தெரியும், ஆனால் வெப்பம் மேலேதான் சேரும். ஜூலையில் நிறைந்த அரங்கில் இரண்டு மணி நேரம் மரப் பெஞ்சில் உட்காருவது லேசான காரியம் அல்ல. பருத்தி உடையும் கைவிசிறியும் கைகொடுக்கும்.

எந்தக் கச்சேரியை எடுப்பது? ஒன்றே ஒன்று என்றால் கான்டர் பாட்டு. தொழுகையை நடத்தும் பாடகர்தான் கான்டர், எபிரேயத்தில் ஹஸான். தாளவாத்தியம் இல்லாமல், குரல் மட்டுமே வளைந்து நெளிந்து ஏறும் அந்தப் பாட்டு இப்படிப்பட்ட மண்டபத்துக்காகவே உருவானது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. கிளெஸ்மர் இசை வேறு ரகம். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாணங்களில் வாசித்தது, கிளாரினெட்டும் வயலினும் முன்னணியில் நிற்கும். அதைத் திறந்தவெளியிலோ சிறு அரங்கிலோ கேட்பது மேல். மின்னணு இசை, கனத்த டிரம்ஸ் கொண்ட குழுக்களை டெம்பலில் கேட்டால், மண்டபத்தின் எதிரொலியில் தாளம் குழைந்துவிடும். அவர்களுக்கு வேறு அரங்கு ஒதுக்கியிருந்தால் அங்கே போங்கள்.

தலை மூடுவது பற்றிப் பலருக்கும் ஐயம் உண்டு. ரெமுவிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பி போதும். இல்லாவிட்டால் வாசலில் கிப்பா என்ற சிறு குல்லா கிடைக்கும். பெண்கள் தோளும் முட்டியும் மூடிய உடை அணிந்தால் எங்கும் சிக்கல் வராது, துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் போதும். கச்சேரி நேரத்தில் டெம்பலில் இந்த விதியைத் தளர்த்துவதுண்டு. சுற்றி இருப்பவர்களைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். கோயிலுக்குள் போகும் பழக்கத்தில் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம். இங்கே காலணியோடுதான் உள்ளே போவார்கள்.

திரையிடல்கள்

1936 முதல் 1939 வரை போலந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் படங்களின் தலைமையகமாக இருந்தது. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் பார்வையாளர்களும் இங்கேயே இருந்தார்கள். போர் வந்து எல்லாவற்றையும் துடைத்தது. எஞ்சிய பிரதிகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டதில் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய யூதத் திரைப்பட மையத்துக்குப் பெரும் பங்கு. அப்படிச் செப்பனிட்ட படம் ஏதாவது நிரலில் இருந்தால் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டு அதற்குப் போங்கள். புதிய ஆவணப்படங்களைப் பிறகு எங்காவது பார்த்துக்கொள்ளலாம், அந்தப் படங்களைப் பெரிய திரையில் காணும் வாய்ப்பு அரிது.

டிக்கெட் எடுக்கும் முன் வசன மொழியையும் துணையெழுத்து மொழியையும் தனித்தனியாகப் பாருங்கள். 'நபிஸி' என்றால் துணையெழுத்து. அதன் பக்கத்தில் 'போல்.' மட்டும் இருந்தால் போலிய எழுத்து மட்டும், 'ஆங்.' என்பதும் இருந்தால் ஆங்கிலமும் உண்டு. 'லெக்டோர்' என்று இருந்தால் ஒரே ஆண் குரல் எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் போலிய மொழியில் மேலே வாசிக்கும். போலந்துத் தொலைக்காட்சியின் நெடுநாள் வழக்கம் அது. அங்கே பிறந்தவர்களுக்குப் பழகிப்போனது, நமக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி. படத்துக்குப் பின் இயக்குநரோடு உரையாடல் இருந்தால் அதன் மொழியும் தனியே கேட்க வேண்டியதுதான்.

பட்டறைகள்

சபாத்துக்கான ஹாலா ரொட்டி பின்னுவது, எபிரேய எழுத்தணி, காகித வெட்டோவியம், இத்திஷ் பாட்டு, ஹசிதிய (யூதப் பக்தி இயக்கத்தாரின்) நடனம் என்று ஆண்டுக்காண்டு மாறும். மொழி தெரியாதவர்களுக்கு ஏற்றவை காகித வெட்டும் நடனமும்தான். கையைப் பார்த்தே செய்துவிடலாம். காகிதத்தை நடுவில் மடித்து வெட்டுவதால் இருபுறமும் ஒத்த வடிவம் வரும். புதியவர்கள் மடிப்பு ஓரத்தையே முழுதும் வெட்டிவிட்டு இரண்டு துண்டாக்கிவிடுவார்கள். மடிப்பில் ஆங்காங்கே இணைப்பு விடுங்கள்.

சாப்பாடு

ஷெரோகா தெருவில் பழைய யூதக் கடைப்பலகைகளையும் மெழுகுவர்த்தியையும் வைத்து அழகுபடுத்திய உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. யூத பாணி என்பது வேறு, கோஷர் என்பது வேறு. கோஷர் என்றால் யூதச் சமய உணவு விதி: இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, பன்றி கூடாது, மேற்பார்வைச் சான்று வேண்டும். அந்த வரிசையில் பெரும்பாலானவற்றுக்குச் சான்று கிடையாது. அது குற்றமில்லை. ஆனால் கோஷர் என்று நம்பிப் போகாதீர்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கோஷர் பட்டியலில் 'பார்வே' என்று இருந்தால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்றுதான் பொருள். மீனும் முட்டையும் பார்வேயில் அடக்கம். பார்வே என்று நம்பித் தட்டில் மீனைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. சோலண்ட் என்ற கூட்டு, வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி இரவெல்லாம் மெல்ல வேகும் பீன்ஸும் பார்லியும். கேட்கச் சைவம் போல இருக்கும், உள்ளே இறைச்சி இருக்கும். உருளையும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி ருஸ்கியே நல்ல தேர்வு. ஆனால் மேலே வறுத்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம். "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சொன்னால் தூவ மாட்டார்கள். ஹும்முஸ், ஃபலாஃபல் கிடைக்கும் இஸ்ரேலிய உணவகங்களும் அருகிலேயே உண்டு.

பிளாட்ஸ் நோவி நடுவில் வட்டமான கட்டடம் ஒன்று இருக்கும். 1900-இல் கட்டியது, ஒரு காலத்தில் யூத முறைப்படி கோழி அறுக்கும் இடமாகவும் இருந்தது. இப்போது அதன் சன்னல்களில் ஸபியெகாங்கா விற்கிறார்கள்: நீண்ட ரொட்டிப் பாதியில் காளானும் சீஸும் வைத்துச் சுட்டது. இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் அதுதான் கதி, சைவத்துக்கும் தோதானது.

வெள்ளி இரவு விருந்துக்கு டெம்பலை ஒட்டி இருக்கும் யூதச் சமூக மையத்தில் இடம் கேட்கலாம். 2008-இல் பிரிட்டனின் அப்போதைய இளவரசர் சார்லஸ் திறந்துவைத்த மையம் அது. விருந்துக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு, விழா வாரத்தில் இடம் சீக்கிரம் தீரும். சைவம் என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். சபாத் விருந்தில் படம் எடுப்பது முறையல்ல, கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

பேட்டையைச் சுற்றும்போது

காஜிமியெஷை நாஜிகளின் கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) என்று நினைத்துச் சுற்றுபவர்கள் ஏராளம். கெட்டோ இங்கே இல்லை. 1941 மார்ச்சில் யூதர்களை ஆற்றுக்கு அப்பால் பொட்கூஷெயில் அடைத்தார்கள். 1943 மார்ச் 13, 14-இல் அதை ஒழித்துக் கட்டினார்கள். குழப்பத்துக்குக் காரணம் 1993-இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. கெட்டோக் காட்சிகள் சிலவற்றை ஸ்பீல்பர்க் காஜிமியெஷின் முற்றங்களில் படமாக்கினார். உண்மையான இடத்தைப் பார்க்க ஆற்றைக் கடந்து, வெண்கல நாற்காலிகள் வரிசையாக நிற்கும் கெட்டோ வீரர் சதுக்கத்துக்குப் போக வேண்டும். ஷிண்ட்லரின் தொழிற்சாலை, இப்போதைய அருங்காட்சியகம், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லிபோவா தெரு 4-இல். அதற்கு நாள் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

ரெமு கல்லறைத் தோட்டத்தில் 1572-இல் மறைந்த அறிஞர் மோசஸ் இஸர்லிஸின் கல்லறை உண்டு. அவர் பெயரின் சுருக்கம்தான் ரெமு. பக்தர்கள் காகிதத்தில் வேண்டுதல் எழுதி வைப்பார்கள். அவற்றை எடுத்துப் படிக்கக்கூடாது. பூ வைக்கும் வழக்கம் இல்லை, சிறு கூழாங்கல் வைப்பார்கள்.

கடைகளில் காசை எண்ணும் தாடிக்கார யூதர் படமும் மரப்பொம்மையும் 'அதிர்ஷ்டத்துக்கு' என்று விற்பார்கள். யூதர்களைப் பணத்தாசைக்காரர்களாகக் காட்டும் பழைய வெறுப்பின் மிச்சம் அது. வாங்காதீர்கள். நினைவுப்பொருள் வேண்டுமென்றால் கலீசியா அருங்காட்சியகத்தின் புத்தகக்கடை இருக்கிறது.

நாஜிகளின் மரண முகாமான அவுஷ்விட்ஸ் போக நினைப்பவர்களுக்கு: கிராக்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். வழிகாட்டி இல்லாமல் பார்க்க அனுமதி இலவசம், ஆனால் பெயரிட்ட நுழைவுச்சீட்டை முன்பே பதிவுசெய்ய வேண்டும். சீட்டில் உள்ள பெயரும் அடையாள ஆவணமும் ஒத்திருக்க வேண்டும். பை 35 × 25 × 15 சென்டிமீட்டருக்குள். வழிகாட்டியோடு பார்க்க மூன்றரை மணி நேரம், போய் வர முழு நாள். அன்றைக்கு மாலை கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். நேரம் போதாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

சனி இரவும் மறுநாளும்

பல ஆண்டுகள் விழாவின் உச்சம், கடைசிச் சனிக்கிழமை மாலை ஷெரோகா தெருவில் நடந்த இலவசத் திறந்தவெளிக் கச்சேரி. வெளிச்சத்தில் தொடங்கி நள்ளிரவு தாண்டும் நிகழ்ச்சி அது. அமைப்பு ஆண்டுக்காண்டு மாறுவதால், நீங்கள் போகும் ஆண்டின் நிரலில் அது எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்த பிறகே சனி இரவுக்கு அறை எடுங்கள். திறந்தவெளி நிகழ்ச்சி எதுவானாலும் மழைக்கோட்டு அவசியம். கோடை மாலைகளில் இடி மழை திடீரென்று கொட்டும், கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்பவர் கடிந்துகொள்வார். மேடைக்கு முன்னால் ஆடும் கூட்டம். குழந்தைகளோடு வருபவர்கள் பழைய சினகாக் பக்கம், தெருவின் விளிம்பில் நிற்கலாம்.

பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போலந்தில் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். தண்ணீர், பழம், குழந்தைக்குப் பால் எல்லாம் சனி பகலிலேயே வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் பச்சை நிறப் பலகை கொண்ட ஜாப்கா கடைகளில் பல திறந்திருக்கும். ரெமுவும் கல்லறைத் தோட்டமும் ஞாயிறு காலை மீண்டும் திறக்கும். சுற்றுலாக் கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் வரும், அதற்குள் போய்விடுங்கள்.